ஒன்றரை ஷிப்ட் வீடுகளும் சந்தா இல்லாத் தொலைக்காட்சியும்

தொலைக்காட்சிப் பெட்டி வீட்டில் இருக்கலாமா, கூடாதா என்று நம் பெரியவர்கள் விவாதித்துக்கொண்டிருந்தபோதே அது வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்து அமர்ந்துவிட்டது. 2006-ஆம் ஆண்டு செப்டம்பரில் தமிழக அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சிகளை வழங்கத் தொடங்கிய பிறகு, பெட்டி இல்லாத வீடு என்பதே அரிதாயிற்று. ஆகவே அந்தப் பழைய விவாதத்தை இங்கே மீண்டும் எழுப்பப் போவதில்லை. வீட்டில் ஏற்கெனவே இருக்கின்ற பெட்டியை, மாதந்தோறும் பணம் கட்டாமலும், ஒளிபரப்பாகும் நேரத்துக்கு அடித்துப்பிடித்து ஓடிவராமலும் பயன்படுத்த வழியுண்டா என்பதே நாம் ஆராய எடுத்துக்கொண்ட பொருள்.

வேறெந்த ஊரையும்விடத் திருப்பூருக்கு இக்கேள்வி மிகவும் பொருந்தும். காலை எட்டரைக்குப் பனியன் கம்பெனிக்குள் நுழைந்தால் இரவு எட்டரைக்கு வெளியே வருவது என்பது இங்கே பல்லாயிரம் குடும்பங்களின் அன்றாடக் கணக்கு. ‘ஒன்றரை ஷிப்ட்’ என்று அதற்குப் பெயர். ஏற்றுமதிச் சரக்கு அவசரமாகப் போகவேண்டிய வாரமென்றால் அதற்கும் மேலே நீளும். அத்தா கட்டிங்கில், அம்மா செக்கிங்கில், மூத்தவன் ஓவர்லாக்கில் என்றிருக்கும் ஒரு வீட்டை எண்ணிப் பாருங்கள். மாலையில் பள்ளி விட்டு வரும் சிறுவர்கள் முகம் கழுவிக்கொண்டு மக்தபுக்குச் சென்றுவிடுகின்றனர். அவர்கள் குர்ஆன் ஓதித் திரும்பும்போது அத்தாவும் அம்மாவும் இன்னும் வேலைத்தலத்திலேயே இருக்கின்றனர். செய்தியோ, பாடமோ, மருத்துவர் ஒருவரின் நேர்காணலோ, அந்த வீட்டின் ஓய்வு நேரத்தைக் கேட்டுக்கொண்டு ஒளிபரப்பாவதில்லை. சம்பள நாளான சனிக்கிழமை இரவும், அதை அடுத்து வரும் ஞாயிறும்தான் எல்லோரும் சேர்ந்திருக்கும் பொழுது. இத்தகைய வீட்டுக்குத் தேவை இன்னும் நூறு அலைவரிசைகளன்று. புதன்கிழமை ஒளிபரப்பானதை ஞாயிற்றுக்கிழமை பார்க்க உதவும் ஓர் ஏற்பாடு.

இத்தகைய ஏற்பாட்டை நம்மவர்கள் முன்னரே அறிந்திருந்தனர். 1980-களில் வளைகுடா நாடுகளிலிருந்து ஊர் திரும்பியவர்கள் கொண்டுவந்த பெட்டிகளுள் வி.சி.ஆர். தவறாமல் இடம்பெற்றிருந்தது. மூன்று மணி நேர நாடாவில் ஞாயிற்றுக்கிழமைத் திரைப்படத்தைப் பதிந்து வைத்து, ஊரெல்லாம் இரவல் கொடுத்த வீடுகள் உண்டு. அமெரிக்காவில் திரைப்பட நிறுவனங்கள் இக்கருவிக்கெதிராக வழக்கே தொடுத்தன. ஒளிபரப்பாவதைப் பிறகு பார்ப்பதற்காக வீட்டில் பதிந்துகொள்வது நியாயமான பயன்பாடே என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1984 ஜனவரியில் தீர்ப்பளித்தது. நம் நாட்டுச் சட்டத்தின் நிலையைப் பின்னர் காண்போம்.

அந்நாளில் தொலைக்காட்சி உண்மையாகவே வானிலிருந்து இலவசமாக வந்தது. 1975 ஆகஸ்டு 15-இல் சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தொடங்கிற்று. பிற்காலத்தில் கொடைக்கானல் மலையில் எழுந்த தூர்தர்ஷன் கோபுரம் கீழேயுள்ள சமவெளியின் பெரும் பரப்புக்குப் படம் அனுப்பியது. கீழக்கரை, காயல்பட்டினம் போன்ற கடற்கரை ஊர்களில் உயரமான கம்பங்களை நட்டு, 1982-இல் தொடங்கிய இலங்கையின் ரூபவாகினியைக் கண்டவர்களும் உண்டு. மொட்டை மாடிக்குச் சென்று ஆன்டெனாவைத் திருப்ப ஒருவரும், “வந்திருச்சு, வந்திருச்சு... போயிருச்சு” என்று கீழிருந்து குரல் கொடுக்க ஒருவருமாக நாம் நின்ற காலம் அது.

அந்த ஆன்டெனாவுக்கு இப்போது வேலையில்லை. பழைய அனலாக் முறையில் இயங்கிய தரைவழி ஒலிபரப்பிகளை, எல்லைப்புறம் போன்ற மிகச் சில இடங்கள் நீங்கலாக, 2022-ஆம் ஆண்டை ஒட்டி பிரசார் பாரதி மூடிவிட்டது. அதற்கு மாற்றாகத் தரைவழியிலேயே டிஜிட்டல் ஒளிபரப்பு 2016 பிப்ரவரியில் 16 நகரங்களில் தொடங்கியது உண்மையே. ஆயினும் தமிழ்நாட்டில் சென்னை மட்டுமே அப்பட்டியலில் இடம்பெற்றது. கோவையும் இல்லை, திருப்பூரும் இல்லை. அமெரிக்காவில் 2009-க்குப் பின் சாதாரண ஆன்டெனாவிலேயே எச்.டி. படம் வருகிறது; அதைப் பதிந்துகொள்ளும் சிறு கருவிகளும் அங்கே கடையில் கிடைக்கின்றன. அவற்றைப் பற்றிக் கேள்விப்பட்டு, உறவினர் மூலம் ஒன்றை வரவழைக்க எண்ணுவோர் அந்தச் செலவைத் தவிர்க்கலாம். அக்கருவி நம் ஊரில் பெறுவதற்கு அலையே இல்லை.

நம் நாட்டில் அந்த ஆன்டெனாவின் இடத்தை நிரப்பியிருப்பது செயற்கைக்கோள்வழி வரும் டி.டி. ஃப்ரீ டிஷ். 2004 டிசம்பரில் ‘டி.டி. டைரக்ட் பிளஸ்’ என்ற பெயரில் தொடங்கிய இச்சேவைக்கு மாதச் சந்தாவும் இல்லை, ரீசார்ஜும் இல்லை. தட்டு, பெட்டி, கம்பி ஆகியவற்றுக்குச் சுமார் 2,000 ரூபாய் ஒருமுறை செலவழித்தால் போதும் என்பது அரசுத் தரப்பின் கணக்கு. 2024-ஆம் ஆண்டில் ஏறத்தாழ 4 கோடியே 90 லட்சம் வீடுகளில் இது இருப்பதாக மதிப்பிடப்பட்டது. ஒப்பிட்டுப் பார்க்க ஒரு கணக்கு: 2019-இல் கொண்டுவரப்பட்ட கட்டண முறையில், இலவச அலைவரிசைகளை மட்டும் பெறுவதற்கே கேபிள் இணைப்புக்கு மாதம் 130 ரூபாயும் வரியும் சேர்த்து 153 ரூபாய் 40 காசு என வரம்பு வைக்கப்பட்டிருந்தது. ஓராண்டுக்கு அது 1,840 ரூபாயைத் தாண்டும். பதினான்கு மாதங்களுக்குள் தட்டின் விலை மீண்டுவிடுகிறது.

திருப்பூரில் இத்தட்டை முதலில் கண்டுகொண்டவர்கள் நாமல்லர். பீகார், ஒடிசா, ஜார்க்கண்டு எனத் தொலைவிலிருந்து வந்து லைன் வீடுகளில் தங்கியிருக்கும் தொழிலாளர்களுக்கு இது தோதானது. அவர்களுடைய மொழியில் அலைவரிசைகள் அதில் நிறைய உண்டு. அறையைக் காலி செய்யும்போது தட்டைக் கழற்றிக் கையோடு கொண்டுபோய்விடவும் முடியும்.

தமிழ்க் குடும்பங்கள் இங்கேதான் சற்று நிதானிக்க வேண்டும். ஃப்ரீ டிஷ்ஷில் தமிழ் அலைவரிசைகள் மிகக் குறைவு. பொதிகை என்று நாம் அறிந்திருந்து, 2024 ஜனவரியில் ‘டி.டி. தமிழ்’ எனப் பெயர் மாறிய அலைவரிசையே அதில் நமக்கு முதன்மையானது. தனியார் தமிழ் அலைவரிசைகளின் தொடர்களையோ, நோன்புக் காலத்தில் ஸஹர் வேளையில் அவை தரும் மார்க்கச் சொற்பொழிவுகளையோ எதிர்பார்த்து இத்தட்டை வாங்குவோர் ஏமாற்றமடைவர். அவற்றுக்குக் கேபிளே வழி. வேறு சில தேவைகளுக்கு இது மிகவும் உதவும். செய்திகள் இருக்கின்றன. உருது பேசும் நம் குடும்பங்களுக்கு 2006 ஆகஸ்டு 15-இல் தொடங்கிய டி.டி. உருது இருக்கிறது. ஆகாசவாணி நிலையங்கள் பலவும் அதே தட்டில் ஒலிக்கின்றன. கண் மங்கிய பெரியவர்களுக்கு அது பெரிய உபகாரம்.

யாவற்றினும் மேலாக, பாடங்கள் இருக்கின்றன. 2017 ஜூலையில் தொடங்கிய ஸ்வயம் பிரபா என்னும் கல்வி அலைவரிசைத் தொகுப்பு இதே செயற்கைக்கோளிலிருந்துதான் வருகிறது. பெருந்தொற்றின்போது, 2020 மே மாதத்தில், 1 முதல் 12 வரை வகுப்புக்கு ஓர் அலைவரிசை என்ற திட்டம் அறிவிக்கப்பட்டது. 2022-23 நிதிநிலை அறிக்கை அதனை 200 அலைவரிசைகளாக விரித்து, மாநில மொழிகளுக்கும் இடம் தந்தது. தமிழக அரசின் கல்வித் தொலைக்காட்சி 2019 ஆகஸ்டு 26-இல் தொடங்கி, பள்ளிகள் பூட்டிக்கிடந்த நாட்களில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். அன்று பல வீடுகளில் பெட்டி இருந்தது, பாடமும் வந்தது. ஒளிபரப்பான அந்த அரை மணி நேரத்தில் பிள்ளையை அமர்த்திப் பார்க்கவைக்க ஆள்தான் இல்லை. கைப்பேசியில் இதே பாடங்கள் கிடைக்குமே என்பார்கள். வீட்டிலுள்ள ஒரே நல்ல கைப்பேசி அத்தாவின் சட்டைப்பையில் கம்பெனிக்குப் போய்விடும் வீடுகளை நாம் அறிவோம். பதிந்து வைத்த பாடத்தை நிறுத்தி, திருப்பி, புரியாத கணக்கை மூன்றாம் முறையும் பார்க்கலாம். அம்மாவும் பக்கத்தில் அமரக்கூடிய நேரத்தில் பார்க்கலாம்.

பெட்டி வாங்கும்போது

கடைக்காரரிடம் “ஃப்ரீ டிஷ் பாக்ஸ்” என்று மட்டும் கேட்டால், அலமாரியில் நெடுநாளாகக் கிடக்கும் பழைய வகையை எடுத்துத் தந்துவிடக்கூடும். எம்பெக்-2 என்ற பழைய முறை மட்டும் தெரிந்த பெட்டியில், எம்பெக்-4 முறையில் வரும் அலைவரிசைகளும் எச்.டி. அலைவரிசைகளும் தெரியமாட்டா. எனவே எம்பெக்-4 எச்.டி. பெட்டி என்று கேட்டு வாங்குக. அதில் யு.எஸ்.பி. துளை இருந்தால் மட்டும் போதாது. சில பெட்டிகளில் அத்துளை பென் டிரைவில் உள்ள படத்தை ஓட்டிக் காட்டுவதற்கு மட்டுமே; பதிவு செய்யாது. ஒரு பென் டிரைவைக் கையோடு கொண்டுசென்று, கடையிலேயே செருகி, ரிமோட்டில் பதிவுப் பொத்தானை அழுத்தி, இரண்டு நிமிடம் பதிந்து, ஓட்டிப் பார்த்த பிறகே பணம் கொடுப்பது நல்லது. கடைக்காரர் முகம் சுளித்தால் அடுத்த கடை இருக்கிறது.

எச்.டி. என்பது எல்லா வீட்டுக்கும் தேவையா என்றால், இல்லை என்றே சொல்வேன். சாதாரணப் படத்தில் குறுக்காக 720 புள்ளிகளும் நெடுக்காக 576 புள்ளிகளும் உண்டு, முழு எச்.டி.யில் அவை 1920, 1080. அரசு தந்த அந்த 14 அங்குலப் பெட்டி இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் வீட்டில் இந்த வேறுபாடு கண்ணுக்கே புலப்படாது. பெரிய தட்டையான தொலைக்காட்சி உள்ளவர்கள் எச்.டி.எம்.ஐ. கம்பியால் இணைக்க வேண்டும். மஞ்சள், சிவப்பு, வெள்ளை என மூன்று முனையுள்ள பழைய கம்பியில் இணைத்துவிட்டு எச்.டி. பெட்டியைக் குறைசொல்வோர் பலர்.

தட்டு பொருத்துவதைக் கற்றவரிடம் விடுவதே மேல். ஆயினும் திசை அறிந்திருந்தால், வாடகை வீட்டில் இடம் உண்டா என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ளலாம். இச்சேவையைத் தாங்கும் ஜிசாட்-15 செயற்கைக்கோள் 2015 நவம்பரில் ஏவப்பட்டது. நிலநடுக்கோட்டுக்கு மேலே கிழக்குத் தீர்க்கரேகை 93.5 பாகையில் நிற்கிறது. திருப்பூரிலிருந்து பார்த்தால் அது தென்கிழக்குத் திசையில், நேர்கிழக்கிலிருந்து சுமார் 34 பாகை தெற்கே விலகி, அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 67 பாகை உயரத்தில் இருக்கும். இவ்வளவு உயரத்தில் இருப்பது நமக்கு வசதியே. நெருக்கமான லைன் வீடுகளிலும், தென்கிழக்கில் மிக ஒட்டி நிற்கும் சுவரோ தென்னையோ இல்லாவிட்டால், மாடிக் கைப்பிடிச் சுவருக்குப் பக்கத்திலேயே தட்டை வைத்துவிடலாம். கனமழையின்போது படம் கட்டம் கட்டமாக உடைவதைத் தவிர்க்க முடியாது.

பென் டிரைவ் கணக்கு

எத்தனை மணி நேரம் பதியும் என்பதற்கு ஓர் எளிய கணக்கு உண்டு. நொடிக்கு ஒரு மெகாபிட் வேகத்தில் வரும் ஒளிபரப்பு, ஒரு மணி நேரத்தில் 450 மெகாபைட் இடத்தை எடுத்துக்கொள்ளும். நொடிக்கு இரண்டு மெகாபிட் அளவில் வரும் சாதாரண அலைவரிசையானால் மணிக்கு 900 மெகாபைட். எச்.டி. ஏழு மெகாபிட் என்று கொண்டால் மூன்று கிகாபைட்டைத் தாண்டும். அதாவது 32 ஜி.பி. பென் டிரைவில் சாதாரணப் பாட நிகழ்ச்சிகள் முப்பது மணி நேரத்துக்கு மேலும், எச்.டி. பத்து மணி நேரம் அளவிலும் அடங்கும். பாடத்துக்கும் செய்திக்கும் சாதாரணப் பதிவே தாராளம்.

பென் டிரைவ் எஃப்.ஏ.டி.-32 முறையில் அமைக்கப்பட்டிருந்தால், 4 ஜி.பி.க்கு மேற்பட்ட ஒரே கோப்பை அது ஏற்காது. நீண்ட பதிவைச் சில பெட்டிகள் தாமே துண்டு துண்டாகச் சேமிக்கும். சில, பாதியில் நின்றுவிடும். நின்றால் பெட்டியைப் பழிக்காமல், அது ஏற்றுக்கொள்ளுமானால் என்.டி.எஃப்.எஸ். முறைக்கு மாற்றிப் பார்க்கவும். ஹார்ட் டிஸ்க் இணைக்க விரும்புவோர்க்கு ஓர் எச்சரிக்கை: யு.எஸ்.பி. துளை பொதுவாக 500 மில்லி ஆம்பியர் மின்சாரமே தரும். சுழலும் தட்டுள்ள டிஸ்க் தொடங்கும்போது அதற்கு மேல் கேட்கும். தனி அடாப்டர் உள்ள டிஸ்க்காக இருந்தால் தொல்லையில்லை. நடைபாதையில் நூறு, இருநூறு ரூபாய்க்குக் கூவி விற்கப்படும் ‘ஒரு டெராபைட்’ பென் டிரைவ்களை நெருங்கவே வேண்டாம். உள்ளே இருப்பது சிறிய அளவே. நிறைந்தபின் பழைய பதிவின் மேலேயே எழுதி, இரண்டையும் பாழாக்கும்.

ஆள் இல்லாத நேரத்தில் தானாகப் பதிய, பெட்டியில் டைமர் வைக்க வேண்டும். பலர் தோற்றுப்போவது இங்கேதான். பெட்டியின் கடிகாரம் கிரீன்விச் நேரத்தில் இருந்தால், மாலை 6 மணிக்கென்று வைத்த பதிவு இரவு 11:30-க்குத் தொடங்கும். அமைப்புப் பக்கத்தில் நேர மண்டலத்தை +5:30 என்று வைத்தால் சரியாகிவிடும். அடுத்தது, வீட்டு அம்மாக்களின் சிக்கனம். கம்பெனிக்குக் கிளம்பும் அவசரத்திலும் எல்லா சுவிட்சுகளையும் அணைத்துவிட்டுப் போவது அவர்கள் பழக்கம், நல்ல பழக்கமும்கூட. ஆயினும் பதிவு வேண்டிய நாளில் பெட்டியை ரிமோட்டால் மட்டும் உறங்கவைத்து, சுவர் சுவிட்சை விட்டுவைக்க வேண்டும். தொலைக்காட்சியை அணைத்துவிடலாம், பதிவதற்கு அது தேவையில்லை. பதியும்போது மின்சாரம் போனால் கோப்பு கெடலாம். நிகழ்ச்சி சில நிமிடம் முன்பின்னாக வருவது வழக்கமாதலால், முன்னே ஐந்து நிமிடமும் பின்னே பத்து நிமிடமும் கூட்டி வையுங்கள்.

ஒன்றைப் பதியும்போது மற்றொன்றைப் பார்க்க முடியுமா? இவ்வகை எளிய பெட்டிகளில் அலைவாங்கி ஒன்றே. ஒரே அலைத்தொகுப்பில் வரும் அலைவரிசைகளுக்குள் மட்டுமே அது இயலும்.

சட்டம் சொல்வது

இப்படிப் பதிவது திருட்டாகாதா என்று கேட்கும் பேணுதலான உள்ளங்கள் நம்மிடையே உண்டு. கேட்கவும் வேண்டும். நம் நாட்டின் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் 37-ஆம் பிரிவில் ஒளிபரப்பாளருக்கு 25 ஆண்டு உரிமை தருகிறது. அதே சட்டத்தின் 39-ஆம் பிரிவு, பதிபவர் தம் சொந்தப் பயன்பாட்டுக்காகவோ, உண்மையான கற்பித்தலுக்காகவோ பதிந்துகொள்வது அவ்வுரிமையை மீறுவதாகாது என்கிறது. ஆகவே வீட்டில் பதிந்து வீட்டார் பார்ப்பதில் தடையில்லை. அதைப் பிரதியெடுத்து விற்பதும், இணையத்தில் ஏற்றிப் பரப்புவதும், காசு வாங்கிக்கொண்டு திரையிடுவதும் வேறு. அவற்றுக்கு இப்பிரிவு துணைநிற்காது.

பூட்டப்பட்ட கட்டண அலைவரிசைகளின் நிலையும் வேறு. தனியார் டி.டி.எச். நிறுவனங்களின் பதிவுப் பெட்டிகள் நன்றாகவே பதியும். ஆனால் பதிந்தது அந்தப் பெட்டியோடு கட்டுண்டது. வேறு பெட்டியிலோ கணினியிலோ ஓடாது. சந்தா தீர்ந்தால் பழைய பதிவைக்கூடத் திறக்கவிடாத பெட்டிகளும் உண்டு. ஃப்ரீ டிஷ்ஷின் பூட்டில்லாத அலைவரிசையை எளிய பெட்டியில் பதிந்தால், பெரும்பாலும் அக்கோப்பைக் கணினியிலும் ஓட்டிப் பார்க்கலாம். அரசு கேபிளை 2011-இல் மாதம் 70 ரூபாய்க்குத் தந்தபோது வாங்கி, இன்றும் வைத்திருப்பவர்கள் அதைத் துண்டிக்க வேண்டியதில்லை. வீட்டில் தொடர் பார்ப்பவர்கள் இருந்தால் துண்டிக்கவும் விடமாட்டார்கள்! கேபிளை அப்படியே வைத்துக்கொண்டு, பாடத்துக்கும் செய்திக்கும் பதிவுக்குமென இத்தட்டைத் துணையாகச் சேர்ப்பதே என் யோசனை. பணம் ஒன்றுக்கு மட்டுமே இடம்தருமானால், படிக்கும் பிள்ளை உள்ள வீட்டுக்கு நான் தட்டையே சொல்வேன்.

கிரிக்கெட் பிரியர்களான இளைஞர்களுக்கும் இதில் ஒரு செய்தி உண்டு. நாட்டுக்கு முக்கியமான போட்டிகளின் ஒளிபரப்பைத் தனியார் உரிமையாளர்கள் பிரசார் பாரதியுடன் பகிர வேண்டும் என்று 2007-இல் சட்டம் வந்தது. அப்படிப் பகிரப்பட்டதைத் தூர்தர்ஷன் தன் தரைவழியிலும் தன் இலவசத் தட்டிலும் மட்டுமே காட்டலாம், கேபிளுக்குக் கொடுக்கலாகாது என்று உச்ச நீதிமன்றம் 2017 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. தட்டு வைத்திருக்கும் பக்கத்து அறைத் தொழிலாளி ஆட்டம் பார்க்க, கேபிள் வைத்திருக்கும் நம் வீட்டில் அதே தூர்தர்ஷனில் வேறு நிகழ்ச்சி ஓடுவதன் காரணம் இதுவே. பகல் ஆட்டத்தைப் பதிந்துவைத்துவிட்டு வேலைக்குப் போகும் இளைஞர், எட்டரைக்கு வெளியே வரும்போது யாரும் முடிவைச் சொல்லிவிடாமல் காதைப் பொத்திக்கொண்டு வீடு சேர வேண்டும்.

ஃப்ரீ டிஷ்ஷில் தனியார் அலைவரிசைகளுக்கான இடம் ஏலத்தில் விடப்படுகிறது. ஆகவே இன்றிருப்பது அடுத்த ஏப்ரலில் இல்லாமற்போகலாம். 2019 மார்ச்சில் பெரிய இந்தி நிறுவனங்கள் நான்கு தம் அலைவரிசைகளை எடுத்துக்கொண்டு வெளியேறின, 2020-இல் திரும்பின, 2022 ஏப்ரலில் மறுபடியும் வெளியேறின. தூர்தர்ஷனின் சொந்த அலைவரிசைகளுக்கும் கல்வி அலைவரிசைகளுக்கும் இந்த ஏலத் தொல்லை இல்லை. அலைவரிசைகள் இடம் மாறும்போது பெட்டியில் மறுதேடல் செய்ய வேண்டும். தேடியபின், முன்பு வைத்த டைமர்கள் பழைய எண்ணையே பிடித்துக்கொண்டு வேறெதையோ பதியக்கூடும். அவற்றை அழித்துவிட்டுப் புதிதாக வைக்கவும்.

புதிதாகத் தொலைக்காட்சியே வாங்கப்போகிறவர்கள் பெட்டிச் செலவையும் மிச்சப்படுத்த ஒரு வழி திறந்திருக்கிறது. செயற்கைக்கோள் அலைவாங்கி உள்ளேயே அமைந்த தொலைக்காட்சிகளுக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஐ.எஸ். 18112 என்ற தரத்தை 2022-இல் வகுத்தது. அவ்வகைத் தொலைக்காட்சியில் தட்டின் கம்பியை நேரே செருகினால் இலவச அலைவரிசைகள் வந்துவிடும். தனிப் பெட்டியும் இரண்டாவது ரிமோட்டும் வேண்டா. யு.எஸ்.பி. வழியே பதிவு செய்யும் வசதியும் அதில் உண்டா என்பதைக் கடையிலேயே, அதே பென் டிரைவைச் செருகிப் பார்த்துக்கொள்ளுங்கள்.